கிழிக்கக் கூடாத பை

பல் டாக்டருக்கு மனிதர்களின் வாயைத் திறந்து பார்ப்பது தொழில். பழைய வேக்குவம் கிளீனரின் வாயைத் திறக்காமல் வைத்திருப்பது பெருமை. அவரிடம் முப்பத்தாறு மெஷின்கள் இருந்தன. அதில் முப்பத்தைந்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மிச்சமிருந்த ஒன்று, பச்சை நிறத்தில், படுத்திருக்கும் பன்றிக்குட்டி மாதிரி, பழைய வேக்குவம் கிளீனர் சேர்ப்பவர்கள் கூடி வைத்திருந்த சங்கத்தின் ஒவ்வொரு கூட்டத்திலும் நடுநாயகமாக வீற்றிருக்கும். காரணம் அதன் வயிற்றுக்குள் இருந்த காகிதப் பை. மெஷின் தயாரான அன்று கம்பெனிக்காரன் வைத்து ஒட்டிய அதே பை, அதே முத்திரை. கிழியாமல் இப்படி ஒன்று உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பார் டாக்டர். உலகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர் யாரும் இல்லாததால் எல்லாரும் நம்பினார்கள்.

மோட்டார்காரர் பத்து வருடமாக அந்தச் சங்கத்தின் மெஷின்களுக்கு மோட்டார் எரிந்தால் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். கூட்டத்துக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். ப்ளக் புகைந்தால் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. உறுப்பினர்கள் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, இவர் சுவரோரமாகத் தன் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார். எல்லாருக்கும் டீ வரும். இவருக்கும் வரும், கைப்பிடி உடைந்த கோப்பையில். அந்த வட்டத்தில் தனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நாற்பத்தைந்து வயதில் இப்படியும் ஓர் ஆசையா என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே கேளுங்கள், ஏனென்றால் அந்த ஆசைக்கு அவர் கொடுத்த விலை சிரிக்கும்படியாக இல்லை.

அவருக்கு ஓர் அக்கா உண்டு. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் இதே டாக்டர் வீட்டில்தான் வேலை பார்த்தாள். மெஷினைத் தொட அவளுக்கு அனுமதி கிடையாது, அவளுக்குத் துடைப்பம். ஒருநாள், வந்திருந்த நண்பருக்குக் காட்டுவதற்காக டாக்டரே பச்சை மெஷினைப் படுக்கையறைக் கம்பளத்தின்மேல் அரை நிமிடம் ஓட்டினார். குழாய்க்குள் ‘டிக்’கென்று ஏதோ போன சத்தம், கதவோரம் நின்ற அக்காவின் காதில் விழுந்தது. அன்று சாயங்காலம் டாக்டரம்மாவின் வைரக் கம்மலில் ஒன்றைக் காணோம். வீடே தலைகீழானது. “அந்தப் பைக்குள்ள பாருங்கம்மா, சத்தம் கேட்டுச்சு” என்று அக்கா கெஞ்சினாள். பார்க்க வேண்டுமென்றால் பையைக் கிழிக்க வேண்டும். டாக்டர் பையைப் பார்த்தார்; அக்காவைப் பார்த்தார். இரண்டில் எதைக் கிழிப்பது என்று முடிவுசெய்ய அவருக்கு வெகுநேரம் ஆகவில்லை. போலீசுக்குப் போன் போட்டார்.

இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்து விசாரித்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் அவளை விட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி அக்காவோடு வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. வேறெந்த வீட்டிலும் வேலைக்குச் சேர்க்கவில்லை. தம்பி தன் பங்குக்கு அவளுடைய பெட்டியைத் தெருவில் கொட்டிச் சோதனை போட்டார். கன்னத்தில் ஒன்று வைக்கவும் செய்தார். இன்றைக்கும் வீட்டில் ஒரு ஸ்குரூ டிரைவர் காணாமல் போனால் அவர் கண் முதலில் அக்கா பக்கம்தான் போகும். அவள் வீட்டோடு இருந்து சட்டைக் கம்பெனிக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். அந்தப் பையைத் திறந்தால் தெரிந்துவிடும் என்று மட்டும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, யாரும் கேட்காமலே சொல்வாள்.

இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது டாக்டருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவர் தம்பி.

போன மாதம் பச்சை மெஷினின் மோட்டார் புகைந்தது. டாக்டர் அதைக் கைக்குழந்தையைப் போலப் போர்வையில் சுற்றிக்கொண்டு தானே பட்டறைக்கு வந்தார். பட்டறை என்றால் வீட்டின் முன்னறைதான். நல்லவேளையாக அக்கா அப்போது தைத்த சட்டைகளைக் கொடுக்கப் போயிருந்தாள்.

“மோட்டார மட்டும் கழட்டுங்க. பைமேல உங்க மூச்சுகூடப் படக்கூடாது” என்றார் டாக்டர். பை இருந்த பக்கத்து மூடியின்மேல் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, அதில் கையெழுத்தும் போட்டார். “கூட்டத்தன்னிக்கு இது ஓடட்டும். உங்கள மெம்பரா சேத்துக்கணும்னு நானே பேசறேன்.”

அக்கா திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமலே மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அதேதான?” என்றாள்.

“அதேதான்.”

“ஒரு தடவை திறந்து பாரேன்டா.”

“கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்காரு. அதக் கிழிச்சா என் பொழப்பு போயிரும்.”

“இருபத்திரெண்டு வருஷம்டா, தம்பி.”

“இவ்வளவு நாள் இருந்தல்ல? பேசாம இரு.”

அதற்குப்பின் அவள் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கப் பொத்தான் தைக்கும் பாயை மேஜைக்கு எதிரே போட்டுக்கொண்டாள். யானை வாயில் போன கரும்பை யானையின் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுபோல. மோட்டார்காரர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார். வட்டத்தில் உள்ளவர்கள் அசந்துபோக வேண்டும் என்று, கம்பியைக் கொஞ்சம் தடிமனாக எடுத்து, சுற்றைக் குறைத்து, பழைய வேகத்துக்கு ஒன்றரை மடங்கு ஓடும்படி செய்தார். மோட்டாரைத் திரும்பப் பொருத்த மெஷினைச் சாய்த்தபோது வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. கல்லாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கல்தான், அதில் சந்தேகமில்லை. எந்தக் கல் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை. திருப்புளியை எடுத்து மோட்டார் பக்கத்து மூடியை முடுக்கினார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டர் வீட்டுக் கூடத்தில். சண்டை சச்சரவு இல்லாத சங்கம் அது, அதையும் சொல்ல வேண்டும். எட்டுப் பேர். பதினொரு மெஷின்களைக் கட்டிலைச் சுற்றி நிறுத்திவிட்டுத் தூங்கும் ரிட்டயர்டு டீச்சர், டாக்டருக்குச் சளைக்காத ஜவுளிக்கடைக்காரர், இன்னும் சிலர். ஒவ்வொருவரும் தன் மெஷினை ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பின்மேல் வைப்பார். ஒரு பொட்டுத் தூசி சிந்தாது என்று காட்டுவதற்கு. ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்த வருடத்து மெஷின் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் மற்றவர்களுக்கு பிஸ்கட் தட்டு நீட்ட வேண்டும். டீச்சர் தன் சொந்த மெஷினையே தப்பாகச் சொல்லிவிட்டுத் தட்டோடு சுற்றி வந்தபோது சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

கடைசியில் பச்சை மெஷின். டாக்டர் சுவிட்சைத் தட்டினார். அது உறுமிய உறுமலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூடியிருந்த கண்கள் தாமாகத் திறந்துகொண்டன. சுவரோரம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மோட்டார்காரருக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது.

“சத்தம் பிரமாதம்தான்” என்றார் ஜவுளிக்கடைக்காரர். “ஆனா குரைக்கிற நாய் கடிக்காதுன்னு சொல்வாங்களே டாக்டர். ஒரு பிடி மரத்தூள் இழுக்குமா?”

“பை வச்ச மெஷின்ல விளையாடக் கூடாதுங்க.”

“பைய ஃபிரேம் போட்டு மாட்டிருங்களேன் அப்ப.”

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டருக்குச் சுருக்கென்றது. “மோட்டார்காரரே, தாங்குமா?” என்று கேட்டார்.

மோட்டார் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். அறுபது வருடத்துக் காகிதம் தாங்குமா என்று தெரியாது. தெரியாது என்று சொல்வதற்கு அவர் இத்தனை நாள் காத்திருக்கவில்லை. “தாராளமா தாங்கும் சார்” என்றார்.

விரிப்பில் மரத்தூளைக் கொட்டி, டாக்டர் குழாயை அதன்மேல் வைத்தார். ஒரு பிடித் தூள்கூட உள்ளே போகவில்லை. ‘படக்’கென்று ஒரு சத்தம், பின்பக்கத் துவாரத்தின் வழியாகச் சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் கிளம்பி டீச்சரின் தலையில் இறங்கியது. டாக்டர் சுவிட்சை அணைத்து, தன் கையெழுத்தைத் தானே கிழித்து, மூடியைத் திறந்தார். பை இரண்டாகப் பிளந்திருந்தது.

அதற்கப்புறம் அங்கே நடந்தது இழவு விசாரிப்பு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மனசத் தேத்திக்குங்க. நம்ம கையில என்ன இருக்கு” என்று டீச்சர், தலையில் தூசியோடு, அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஜவுளிக்கடைக்காரர் தன்னால்தான் என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒரு காகிதப் பைக்கு எட்டுப் பேர் துக்கம் கொண்டாடியதை மோட்டார்காரர் எழுந்து நின்று பார்த்தார். அவருடைய அக்கா ஸ்டேஷனிலிருந்து வந்த அன்று வாசல் படி ஏறியவர் ஒருவரும் இல்லை.

கிழிசலைப் பத்திரப்படுத்துவதற்காக உள்ளே இருந்ததை விரிப்பில் கொட்டினார்கள். தூசி, முடி, ஒரு குண்டூசி. கூடவே ஒரு வைரக் கம்மல்.

டீ கொண்டுவந்த டாக்டரம்மா தட்டை வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தார். “அட, என் கம்மல்” என்றார். ஏதோ பழைய சிநேகிதியைக் கடைவீதியில் பார்த்த மாதிரி.

“இது திருட்டுப் போச்சுன்னுல்ல சொன்னீங்க” என்றார் ஜவுளிக்கடைக்காரர். “வேலைக்கு இருந்த பொண்ணக்கூடப் போலீஸ்ல...”

டாக்டரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அந்த ஒரு கணம் அவருக்கு உண்மை தெரிந்திருந்தது; மோட்டார்காரர் அதைக் கண்ணால் பார்த்தார். பிறகு டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“அவதான் எடுத்திருப்பா. மாட்டிக்குவோம்னு பயந்து இதுக்குள்ள போட்டிருப்பா.”

“மெஷினே இழுத்திருக்கலாமே” என்றார் டீச்சர்.

“கம்மல் கனமுங்க, அதெப்படி இழுக்கும்? நம்ம ஏன் வாதாடணும். தொழில் தெரிஞ்சவர் இருக்காரு.” டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்து வட்டத்துக்குள் போட்டார். “நிக்கறீங்களே, உக்காருங்க மோட்டார்காரரே. நீங்க சொல்லுங்க, கம்மல் தானா உள்ள போகுமா?”

மோட்டார்காரர் உட்கார்ந்தார். நாற்காலியில் மெத்தை இருந்தது. இந்தப் பத்து வருடத்தில் மெஷின்களின் வயிற்றிலிருந்து அவர் எடுத்தவற்றில் நாணயம் உண்டு, சாவி உண்டு, ஒரு முழுப் பல்செட்டும் உண்டு. கம்மல் எல்லாம் அதற்கு ஒரு பொருட்டா? போகும் என்று ஒரு வார்த்தை போதும். அக்காவின் இருபத்திரண்டு வருடம் அந்த ஒரு வார்த்தையில் நின்றது. எட்டுப் பேர் அவர் வாயையே பார்த்தார்கள். அவரை அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

“போகாது சார்” என்றார். “குழாய் வளைவுலயே நின்னுரும். யாராவது கையால போட்டாத்தான் உண்டு.”

“அப்படிச் சொல்லுங்க” என்று டாக்டர் மூச்சு விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, சோறு பரிமாறியவர் தம்பி. டாக்டரம்மா கம்மலைத் தூசி போக ஊதி, “பாவம், என்ன கஷ்டமோ, எடுத்துட்டா. நான் அப்பவே மன்னிச்சுட்டேன்” என்றார். அவருக்கு எத்தனை நல்ல மனசு என்று எல்லாரும் சொன்னார்கள். மோட்டார்காரருக்குக் கைப்பிடி உள்ள கோப்பையில் டீ வந்தது. சங்கத்தின் பித்தளை வில்லையை டாக்டரே அவர் சட்டையில் குத்திவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். புதிதாகச் சேர்ந்தவர் வீட்டில்தான் அடுத்த கூட்டம். அது சங்கத்தின் வழக்கம்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலிலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஓடிச்சா?”

“ஓடிச்சு.”

“பை?”

“கிழிஞ்சுபோச்சு.”

அவள் கையில் ஊசி நின்றது. “உள்ள என்ன இருந்துச்சு?”

“தூசி” என்றார். “முடி. ஒரு குண்டூசி.”

“நல்லாப் பாத்தியா?”

“வெள்ளைத் துணியில கொட்டி அத்தனை பேரும் பாத்தோம்.”

அக்கா ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தாள். மடியில் கிடந்த சட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். “அப்ப என் காதுலதான் ஏதோ கோளாறு” என்றாள் பிறகு. “சத்தம் கேட்டுச்சுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். வீணா அந்த மனுஷங்களச் சந்தேகப்பட்டுட்டேன்டா.”

மோட்டார்காரர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். “அடுத்த மாசக் கூட்டம் நம்ம வீட்டுல” என்றார். “அன்னிக்கு நீ காலையிலயே எங்கயாவது போயிரு. டாக்டரும் வருவாரு, நல்லாயிருக்காது.”

“சரி” என்றாள் அக்கா. “எத்தனை பேரு வருவாங்க?”

“எட்டுப் பேரு.”

“நாற்காலி பத்தாதே” என்றாள். “பக்கத்து வீட்டுல வாங்கிப் போட்டுட்டுப் போறேன்.”