கிளியூர்க் கச்சேரியில் ஒரு விசில்

சித்தனை போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, செங்கோடன் பழத்தோல் உரிக்கும் பல்பர் ஷெட்டில் காப்பிப் பழச் சக்கைக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தான். சொன்னவள் அவன் மனைவி பூவாயி. தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு இரைத்தது.

"ஏனுங்க, உங்க தம்பியப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. ஸ்டோருல காப்பி மூட்டை காணோமாம்."

"எப்பக் காணோமாம்?"

"கிளியூர் பண்டிகையன்னைக்கு ராத்திரிங்க. பூட்டு ஒடையவே இல்லியாம். சாவி இருக்கறது நம்ம சித்தங்கிட்டத்தானே?"

செங்கோடன் கையை எடுத்து உதறினான். ஏதாவது தோன்றும் என்று நின்றான். ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவன் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. மெஷினை நிறுத்தினான். குழாயைத் திறந்து கை கழுவினான். சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டான்.

"என்னங்க, ஒண்ணுஞ் சொல்ல மாட்டீங்கறீங்க?"

"துரையப் பாத்துட்டு வந்தர்றேன்."

துரை என்றால் எஸ்டேட் மேனேஜர். பங்களா வராந்தாவில் நாய்க்குப் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தவர், இவனைப் பார்த்ததும் பிஸ்கட்டை நிறுத்தினார். நாய் இருவரையும் முறைத்தது.

"சாவி அவன்கிட்ட. பூட்டு உடையலை. மூட்டை இல்லை. நான் வேற யாரைச் சொல்லட்டும், செங்கோடா?"

"அன்னிக்கு ராத்திரி பூரா அவன் கிளியூர்ல கச்சேரி கேட்டுட்டு இருந்தானுங்க, துரை. சாவி ஊட்டு ஆணியில தொங்குச்சுங்க. யாரு வேண்ணாலும் எடுத்திருக்கலாமுங்க."

"கச்சேரியில இருந்தான்னு யாரு சொல்றது?"

"லைன் ஆளுங்க எல்லாரும் பாத்தாங்களாமுங்க."

"லைன் ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் சாட்சி சொல்றதை நான் இன்னிக்கா பார்க்கறேன்? வேற ஏதாவது இருந்தா சொல்லு."

செங்கோடனுக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது.

"விசிலுங்க, துரை."

"என்னது?"

"அவன் விசிலு. மனுவேலு பாடி அவன் விசில் அடிக்காத கச்சேரி கெடையாதுங்க. அன்னிக்குக் கச்சேரிய ஒருத்தர் டேப்பு புடிச்சிருக்காருங்க."

துரை தன் நாயைப் பார்த்தார். முன்பொரு எஸ்டேட் விளையாட்டு விழாவில் அவர் கோப்பை கொடுக்கும் நேரம் பார்த்து சித்தன் ஒரு விசில் அடித்தான். வாயில் இரண்டு விரலை வைத்து, மேலே ஏறி, உச்சியில் இரண்டாகப் பிளந்து இறங்கும் விசில். நாய் மேஜைக்கு அடியில் புகுந்து மேஜை விரிப்போடு ஓடியது. டீ கப்புகள் எல்லாம் போயின.

"அந்தச் சனியனை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். இதோ, இவனுக்கும் தெரியும்" என்று நாயைக் காட்டினார். "கொண்டு வா. டேப்புல அந்த விசில் இருந்தா கம்ப்ளெயிண்டை நானே வாபஸ் வாங்கிக்கறேன். இல்லேன்னா இந்தப் பக்கம் வராதே."

டேப்பு பிடித்தவர் கோவிந்தராஜ். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ரேடியோ ரிப்பேர் கடை. செங்கோடனுக்கும் அவருக்கும் பழக்கம் உண்டு, பிரியம் கிடையாது.

மனுவேல் சினிமாவில் பாடாதவன். ரேடியோவிலும் வராதவன். மலை மேலும் அடிவாரத்திலும் கோயில் பண்டிகை, மாதா கோயில் திருவிழா என்று மேடையில் மட்டுமே பாடுவான். ஆகவே அவன் குரல் வேண்டுமென்றால் மேடை முன்னால் டேப்பை வைத்துப் பிடித்தால்தான் உண்டு. அப்படிப் பிடிக்கிறவர்கள் குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வரை ஒரு கூட்டம் இருந்தார்கள். பஸ் கண்டக்டர்களிடம் பொட்டலம் கட்டிக் கொடுத்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். காசு பேச்சே கிடையாது. கச்சேரிக்குக் கச்சேரி. மேடையில் பிடித்த கேசட்டுக்குத் தாய் என்று பெயர். அதிலிருந்து பதிந்தது குட்டி. கைமாறுவதெல்லாம் குட்டிதான், தாயை யாரும் கொடுக்க மாட்டார்கள்.

செங்கோடன் இந்தக் கூட்டத்தில் இரண்டு விஷயங்களுக்குப் பேர் போனவன். ஒன்று, போன வருஷத்துக் குப்பனூர்க் கச்சேரி. மனுவேல் எல்லா மேடையிலும் பாடுகிற அந்த மலைப் பாட்டில் குரல் உச்சிக்கு ஏறும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தன் மைக் மேலேயே விசில் அடித்துவிட்டான். "டேய், டேப்பு ஓடுதுடா நாயே!" என்று செங்கோடன் கத்தியதும் சேர்ந்து பதிவாகிவிட்டது. மலை முழுக்க அந்தக் குட்டி பரவியது. அதற்குப் பிறகு எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் எவனாவது ஒருவன், "என்னண்ணா, டேப்பு ஓடுதா?" என்பான்.

இன்னொன்று, கொட்டச்சேட்டு மழைக் கச்சேரி. பாதியில் கரண்ட் போய், கூட்டம் கலைந்து, ஆர்மோனியத்தை மட்டும் வைத்துக்கொண்டு மைக் இல்லாமல் மனுவேல் பாடியது. பேட்டரி போட்டு வந்திருந்த செங்கோடனிடம் மட்டுமே அது இருந்தது. யாரும் மேலே பதிந்துவிடாதபடி கேசட்டின் இரண்டு காதையும் அன்றே உடைத்துவிட்டான். யாருக்கும் ஒரு குட்டிகூடக் கொடுத்ததில்லை. கோவிந்தராஜ் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் பேச்சையே நிறுத்தியிருந்தார்.

அவர் இவனைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"கேள்விப்பட்டேனுங்க. நல்ல பையன்."

"கிளியூர்க் கச்சேரி வேணுமுங்க. துரை கேக்கணுமாம்."

"பதிஞ்சு தர்றதா?"

"குட்டியெல்லாம் வேண்டாமுங்க. வெட்டி ஒட்டினதுன்னு சொல்லிடுவாரு. தாய் வேணும்."

கோவிந்தராஜ் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிக்க அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

"தாய்க்குத் தாய்தானுங்களே."

செங்கோடன் தலையாட்டினான். என்ன கேட்கிறார் என்று இருவருக்கும் தெரியும்.

"சாயங்காலமா வாங்க. தேடி எடுத்து வைக்கிறேன்" என்றார் அவர்.

சாயங்காலம் மழைக் கச்சேரியை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வந்தான். கொடுக்கும்போது வலிக்கும் என்று வழியெல்லாம் எதிர்பார்த்திருந்தான். கவுண்டரில் வைத்தான். வலிக்கவில்லை. பஸ் டிக்கெட்டை வைத்த மாதிரி இருந்தது. கோவிந்தராஜ் அதைத் தொடாமல் இன்னொரு கேசட்டை டெக்கில் போட்டு, ஹெட்போனை இவன் பக்கம் தள்ளினார்.

"கேட்டுக்குங்க. அந்த மலைப் பாட்டுலயே வருது."

செங்கோடன் மாட்டிக்கொண்டான். மனுவேலின் குரல் வந்தது. ஆர்மோனியம், தபேலா, கூட்டத்தின் இரைச்சல். பாட்டு மெல்ல ஏறியது. குரல் உச்சிக்குப் போகும் அந்த இடம் வந்தது. விசில்! மேலே ஏறி, இரண்டாகப் பிளந்து இறங்கியது. சித்தனேதான்.

விசிலின் வால் அடங்குமுன், "டே—" என்று ஒரு குரல். சட்டென்று நின்றது. பாட்டு தொடர்ந்தது.

செங்கோடன் கேசட்டைப் பின்னால் ஓட்டினான். மறுபடி கேட்டான். விசில். "டே—".

அது அவன் குரல்.

கிளியூர்ப் பண்டிகையன்று அவன் கிளியூரிலேயே இல்லை. பல்பர் ஷெட்டில் ராத்திரி ஷிப்ட். அவன் போகாத கச்சேரியில் அவன் குரல் இருந்தது.

ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"இது குப்பனூர்ங்க."

கோவிந்தராஜ் வேறு எங்கோ பார்த்தார். "பாட்டு அதே பாட்டு. சுதியும் ஒத்து வந்துச்சு. விசில மட்டும் எடுத்து இதுல சேத்தேன், நிறுத்தற பாஸ் பட்டனு ஒரு நூல் லேட்டா விழுந்துட்டுது."

"உங்க தாயில?"

"ரெண்டு பக்கமும் கேட்டுட்டேனுங்க. திரும்பத் திரும்பக் கேட்டேன். விசிலே இல்லை."

"பாட்டு முடிஞ்சதும் பாஸ் அமுக்கிடுவீங்களே. கைதட்டல், பேச்செல்லாம் குப்பைன்னு சொல்லுவீங்க. அந்த எடத்துல அடிச்சிருந்தா?"

"உங்க தம்பி பாட்டு முடிஞ்சா அடிப்பான்? நடுவுலதானுங்களே அடிப்பான்."

கடைக்கு வெளியே சேலம் பஸ் திரும்பியது.

"எனக்கு மழைக் கச்சேரி வேணும், இல்லேங்கலை" என்றார் கோவிந்தராஜ். "பையன் உள்ள கெடக்கறதும் புடிக்கலை. ரெண்டும் நெசந்தான். உங்க குரலு துரைக்குத் தெரியுமா?"

"துரை முன்னாடி நான் கத்துனதே இல்லீங்களே."

"அப்பத் தெரியாது." அவர் மழைக் கச்சேரியை ஒரு விரலால் இவன் பக்கம் பாதி தூரம் தள்ளினார். "வேண்டாம்னா இத எடுத்துட்டுப் போங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

கவுண்டரில் இரண்டு கேசட்டுகள் இருந்தன. செங்கோடன் டெக்கில் இருந்ததை எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பங்களா வராந்தாவில் துரையின் டேப் ரெக்கார்டர் பாடியது. விசில் வந்ததும் நாய் காதைத் தூக்கி எழுந்தது. பிறகு நேராக மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

துரை விழுந்து விழுந்து சிரித்தார். "இதை விட என்னய்யா சாட்சி வேணும்?" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். "டே—" அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. செங்கோடனும் சிரிக்க வேண்டும்போல இருந்தது. உதட்டை விரித்துப் பார்த்தான். சரியாக வந்ததா என்று தெரியவில்லை.

மத்தியானம் சித்தன் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தான். முகம் வீங்கவில்லை, தூங்காத முகம், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தான் செங்கோடன். எஸ்டேட் வழியாகப் போகும் கொட்டச்சேட்டு பஸ் வந்து நின்றது. கடைசி சீட்டில் ஜன்னல் ஓரம் சித்தன், பக்கத்தில் இவன். எதிரில் ரேடியோக் கடை திறந்திருந்தது. செங்கோடன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"துரை எப்படிண்ணா விட்டாரு?"

"டேப்பு கேட்டாரு. ரேடியோக்காரரு புடிச்சது. உன் விசிலு இருந்துச்சு."

சித்தன் திரும்பி அண்ணனைப் பார்த்தான்.

"நான் அன்னிக்கு அடிக்கவே இல்லியேண்ணா."

"ஏன்?"

"டேப்பு ஓடுச்சு. ரேடியோக்காரரு மேடை ஓரமா மைக்கு வச்சிட்டு உக்காந்திருந்தாரு. நான் நேரா அவரு முன்னாடி நின்னேன்." ஒரு விரலால் ஜன்னல் கம்பியைச் சுரண்டினான். "குப்பனூர்ல நீ திட்டினியே. பஸ்ஸுல ஏறுனா எல்லாரும் உன்னயப் பாத்துச் சிரிக்கறாங்க. அதுலருந்து டேப்பு ஓடுனா நான் வாயத் தொறக்கறதில்லே. கைய ரெண்டையும் பாக்கெட்டுல விட்டுட்டு நின்னேன். நொம்ப கஷ்டப்பட்டுத்தான் நின்னேன்."

செங்கோடன் முன் சீட்டின் முதுகைப் பார்த்தான்.

"நம்பலியாண்ணா?"

"நான் ஒண்ணுஞ் சொல்லலியே."

"பாதியில பாட்ட நிறுத்திட்டு மனுவேலு மைக்குல கூப்புட்டாரு. பச்சப் பாவாடை கட்டுன புள்ள ஒண்ணு அழுதுட்டு நிக்குது, பெத்தவங்க மேடைக்கு வாங்கன்னு. நம்ம கிளியூர் ராசம்மாக்கா ஊட்டுப் புள்ளதான் அது. டேப்புல அது இருக்குமே, கேட்டுப் பாரு."

டேப்பில் அது இருக்காது. பாட்டு நின்றால் கோவிந்தராஜின் விரல் பாஸ் பட்டனில் இருக்கும். பேச்சு அவருக்குக் குப்பை.

"சரி, தூங்கு" என்றான் செங்கோடன்.

சித்தன் ஜன்னலில் தலை சாய்த்தான். உள்ளே கிடந்தபோது வராத தூக்கம் எல்லாம் சேர்ந்து வந்ததுபோல உடனே தூங்கிப்போனான். வாய் லேசாகத் திறந்திருந்தது. செங்கோடன் அந்த முகத்தைப் பார்த்தான். திருடினவன் முகம் மாதிரி பார்த்தான். பிறகு திருடாதவன் முகம் மாதிரி பார்த்தான். இரண்டுக்கும் அது ஒரே முகமாகத்தான் இருந்தது.

கண்டக்டர் டிக்கெட் போட்டு முடிக்கும் நேரம், ஆரஞ்சுக் கூடையைப் படியில் வைத்துவிட்டு ஒருத்தி மூச்சு வாங்க ஏறினாள். கிளியூர் ராசம்மாள். மகளைக் கொட்டச்சேட்டில் கட்டிக் கொடுத்திருந்தாள். கூடையை இழுத்து வந்து செங்கோடனின் காலடியிலேயே வைத்தாள்.

"கொஞ்சம் நவுந்து உக்காருங்க. அட, சித்தனா! வந்துட்டியா சாமி? ஏனுங்க, தூங்குறானா?"

"ஆமாங்கக்கா."

"தூங்கட்டும், தூங்கட்டும். மொகமே வாடிப்போச்சு பாருங்க. எந்தப் பாவி எடுத்தானோ, எவன் தலையில விடிஞ்சிருக்குது பாருங்க." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "மக ஊட்டுக்குப் போறேன். பண்டிகைக்கு வந்தவ பேத்தியக் கூட்டிட்டுப் போனதுலருந்து ஊடே வெறிச்சுன்னு இருக்குதுங்க."

செங்கோடன் நிமிர்ந்தான்.

"பண்டிகையன்னைக்கு..." என்று ஆரம்பித்தான்.

"என்னங்க?"

அவள் முகம் ஓர் அடி தூரத்தில் இருந்தது. பச்சைப் பாவாடை கட்டியிருந்தாளா பேத்தி, கூட்டத்தில் காணாமல் போனாளா, மேடையிலிருந்து கூப்பிட்டார்களா? கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். ஆமாம் என்றால் தம்பி சொன்னது நிஜம், இல்லை என்றால் பொய். எதைச் சொன்னாலும் வைத்துக்கொள்ள அவனிடம் இடம் இல்லை.

"என்னமோ கேக்க வந்தீங்களே?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. பழம் நல்லா வெலை போகுதுங்களா?"

"எங்க போகுது? குருவி தின்னது போக மிச்சந்தான்." கூடையிலிருந்து ஒன்றை எடுத்து அவன் மடியில் போட்டாள். "எந்திரிச்சா அவனுக்குக் குடுங்க."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகர்ந்தது. சித்தன் விழிக்கவில்லை. செங்கோடன் ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.