குத்தூசி போகும் வழி

"செல்வரத்தினம் அண்ணே, ஒங்க படம் மறுபடியும் அழுவுது" என்றபடி லொறிக்காரர் புஹாரி ஒரு வெறுஞ்சாக்கை மேசைமேல் வீசினார்.

செல்வரத்தினம் சாக்கை விரித்துப் பார்த்தார். நடுவில் அவர் அச்சடித்த பெரிய கறுப்பு வட்டம். அதற்குள் மூன்று ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் போகும். மிளகு போவதற்குக் கேட்கவா வேண்டும்?

"யட்டவத்தையில இருந்து கொழும்பு வரைக்கும் ரோட்டுல மிளகு வெதச்சிக்கிட்டே போறேன்" என்றார் புஹாரி. "அடுத்த வருசம் தாரெல்லாம் கொடி படரும் பாருங்க."

செல்வரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பலாபத்வலையில் பெருந்தெருவை ஒட்டிய அந்த ஒற்றை அறையில் பத்தொன்பது வருடமாக அச்சு வேலை செய்கிறார். கடைப் பெயர்ப்பலகை, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிச் சுவரொட்டி, சுவரில் சோப்பு விளம்பரம் என்று எல்லாமே இன்னொருவர் சொன்ன எழுத்து, இன்னொருவர் கேட்ட நிறம். மிளகு வியாபாரம் செய்யும் ஜுனைதாவுக்காகக் கீறிய இந்தச் சின்னம் ஒன்றுதான் முழுக்க முழுக்க அவருடைய யோசனை.

யோசனை இதுதான். ஓடுகிற லொறியில் இருக்கும் சாக்கை வழியில் நிற்பவர் மூன்று விநாடிதான் பார்ப்பார். அந்த மூன்று விநாடிக்குள் கண்ணைப் பிடித்து நிறுத்துவது நிறைந்த கறுப்பு வட்டம். அதற்குள் ஒரு மிளகுக் கொத்தை மட்டும் மையில்லாமல் விட்டுவிட்டால் சாக்கின் சொந்த நிறமே கொத்தாகத் தெரியும். ஒரே மை, இரண்டு நிறம். அதை நினைத்து நினைத்து அவர் ஒரு வாரம் சந்தோஷப்பட்டிருந்தார்.

அச்சடிப்பது பட்டுத்துணிச் சட்டத்தில். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் மை இறங்கக் கூடாத இடங்களை அடைத்துவிட வேண்டும். மேலே மையை ஊற்றி இறப்பர் கட்டையால் ஒரு இழுப்பு இழுத்தால், அடைபடாத கண்கள் வழியாக மட்டும் மை கீழே இறங்கும். கடதாசிக்கு ஒரு இழுப்புப் போதும். சணல் சாக்கு மையைத் தண்ணீர் மாதிரிக் குடிக்கும். ஆகவே வட்டம் சாம்பல் பூத்துப் போகாமலிருக்க மூன்று இழுப்பு இழுத்தார். அந்தக் கறுப்பைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும்.

அன்று பின்னேரம் ஜுனைதாவே வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது; முஸ்லிம்கள் அக்காவை அழைப்பதுபோல ஊரில் தமிழருக்கும் அவர் ராத்தாதான்.

"தம்பி, நான் ஒங்கள கொற சொல்ல வரல்ல. ஆனா மிளகு வாங்குற கொழும்பு முதலாளி கண்டிப்பா சொல்லிட்டாரு. இன்னொரு லோடு கொட்டிக்கிட்டு வந்தா வேற ஆளப் பாத்துக்குவாராம்."

"ஆமிக்காரங்க செக் பொயின்டுல ஆயுதம் தேடிக் குத்துறதுக்கு என் படம் என்ன செய்யும் ராத்தா?"

"அது எனக்குத் தெரியாது. வெறும் சாக்குல அனுப்புன நாள்ல குத்தினாங்க, கொட்டல்ல. அதுமட்டும்தான் தெரியும்." முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "நாளன்னைக்குப் போற லோடுக்கு சாக்கு அடிச்சாச்சு, அது ஒங்க படத்தோட போவட்டும். அதுவும் கொட்டுச்சின்னா அடுத்த லோடு வெறும் சாக்குதான். மனசுல வெச்சிக்காதீங்க."

அவர் போன பிறகு செல்வரத்தினம் வெகுநேரம் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் சாக்கு என்றால் சின்னம் செத்தது.

கொழும்பிலிருந்து திரும்பி வந்த நாற்பது சாக்குகளையும் புஹாரியிடம் வாங்கினார். ஒரு தாளில் சாக்கின் வடிவத்தைக் கீறி, நடுவே வட்டம் போட்டு, ஓட்டை கண்ட இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார். முடித்தபோது வட்டத்துக்குள் எறும்பு மொய்த்த மாதிரிப் புள்ளிகள். வெளியே ஒன்றிரண்டுதான்.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்படித்தான் நினைத்தார். கண்ணைப் பிடிக்க வரைந்த வட்டம் ஆமிக்காரரின் குத்தூசியையும் பிடிக்கிறது! அப்படியானால் குத்தூசிக்குத் தனியாக ஒரு இடம் கொடுத்துவிட்டால் போயிற்று. சாக்கின் கீழ்மூலையில் ஒரு அம்புக்குறி, 'இங்கே குத்தவும்' என்று சிங்களத்தில் ஒரு வரி, பின்னால் தடித்த ஒட்டுத்துணி. இரண்டு நாளில் இருபது சாக்கில் அம்புக்குறியை அச்சடித்து, அது வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க லொறியில் ஏறி உட்கார்ந்தார்.

மாத்தளை தாண்டி ஒரு சாவடியில் லொறியை மறித்தார்கள். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, கண்டிப் பக்கம் போகும் எந்த லொறியும் குத்துப்படாமல் போனதில்லை. ஒரு இளம் சிப்பாய் நீண்ட கம்பியோடு மேலே ஏறினான். இன்னொருவன் செல்வரத்தினத்தின் சட்டைப்பையைத் தடவினான். புள்ளி வைத்த தாள் வந்தது.

சிப்பாய் தாளை விரித்தான். ஒரு நீள்சதுரம், நடுவில் வட்டம், நிறையப் புள்ளிகள். அடையாள அட்டையைக் கேட்டான். பிறந்த இடம்: சாவகச்சேரி, யாழ்ப்பாணம். அதை இரண்டு தரம் வாசித்தான்.

"இது எந்த கேம்ப்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"சாக்கு சேர், வெறும் சாக்கு" என்றார் புஹாரி. "இவரு படம் கீறுற மனுசன்."

ஒன்றை விளக்கத் தொடங்கினால் செல்வரத்தினத்துக்குப் பயம் பாதியாகக் குறையும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "தம்பி, அந்தத் தாளை இந்தச் சாக்குக்குப் பக்கத்துல பிடிச்சுப் பாருங்க" என்றார் நல்ல சிங்களத்தில். "வட்டம் இதுதான். புள்ளியெல்லாம் நீங்க குத்தின ஓட்டை. நாற்பது சாக்கு எண்ணினேன்."

சிப்பாய் தாளைச் சாக்கோடு சேர்த்துப் பிடித்தான். மேலே நின்றவனும் குனிந்து பார்த்தான். அவனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "அட, நம்ம குத்தையெல்லாம் கணக்கெடுத்திருக்காரு!"

பிறகு அவன் அம்புக்குறியைக் கண்டான். வாசித்தான். சிரிப்பு நின்றது.

"மாமா, நீங்க காட்டுற இடத்துல நான் குத்தினா எங்க பெரியவர் என்னைக் குத்துவார். இங்கே குத்துன்னு ஒருத்தன் எழுதினா, மத்த இடத்துல என்ன வெச்சிருக்கான்னுதானே பார்ப்போம்?"

செல்வரத்தினத்தின் இரண்டு நாள் வேலை, ஒரே வரியில் முடிந்தது.

"நான் படத்தைப் பார்த்துக் குத்துறதில்ல" என்று அவன் தொடர்ந்தான். "எல்லா இடத்துலயும்தான் குத்துறேன். பாருங்க." வட்டத்துக்கு வெளியே கம்பியை இறக்கி வெளியே எடுத்தான். அடுத்து, கேட்காமலேயே, கம்பி நுனியால் ஓட்டையைக் குறுக்காக இரண்டு தரம் தேய்த்தான். சணல் நூல்கள் நெருங்கி வந்து ஓட்டை மூடிக்கொண்டது.

"அது ஏன் தேய்க்கிறீங்க?"

"லக்கலயில எங்க வீட்டு நெல்லையும் வியாபாரி இப்படித்தான் குத்திப் பார்ப்பான். தேய்க்காமல் போனால் அம்மா விடமாட்டா. கை பழகிப்போச்சு." அவன் கறுப்பு வட்டத்தில் குத்தினான். 'டக்' என்று ஒரு சத்தம். தேய்த்தான். மறுபடியும் தேய்த்தான். நாலு மிளகு உருண்டு விழுந்தது. "இந்தக் கறுப்புதான் மூடாது. அதனாலதான் உங்க தாள்ல இங்கே மட்டும் ஓட்டை."

செல்வரத்தினம் லொறியின் பக்கப்பலகையைப் பிடித்து ஏறி வட்டத்தைத் தடவினார். அப்பளம் போல விறைத்திருந்தது. வெளியே, வெறும் சாக்கு, துணிபோலக் குழைந்தது.

கூரான கம்பி சணல் நூலை அறுப்பதில்லை. இரண்டு நூலுக்கு நடுவே வழி விலக்கிக்கொண்டு போகிறது. வெளியே எடுத்ததும் தேய்த்தால் நூல்கள் பழைய இடத்துக்கு வரும். அவருடைய மூன்று இழுப்பு மை நூலையும் நூலையும் ஒட்டிவிட்டது. விலக இடமில்லாத நூல் அறுந்தது. குத்தியது அவர்கள், கிழித்தது அவருடைய கறுப்பு. தாளில் அவர் எண்ணியது குத்துகளை அல்ல, ஆறாத குத்துகளை மட்டும்.

"ராத்தா சொன்னது சரிதான்" என்று தமிழில் தனக்குள் சொன்னார். சிப்பாய் தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

அந்த லோடும் வழியெல்லாம் கொட்டிக்கொண்டுதான் போனது. ஊர் திரும்பியதும் செல்வரத்தினம் நேரே ஜுனைதாவிடம் போய், குற்றம் தன்னுடைய மையில் என்று சொன்னார். ஜுனைதா கணக்குக் கொப்பியை மூடிவைத்தார்.

"முதலாளி கடைசியா ஒரு லோடு எடுக்க சம்மதிச்சிருக்காரு. கையக் கால புடிச்சித்தான் வாங்கினேன். அது வெறும் சாக்குலதான் போவும் தம்பி."

"ஒரு சாக்கு அடிச்சுக் காட்டுறேன். நீங்களே குத்திப் பாருங்க. மூடலன்னா நானே வெறும் சாக்கு வாங்கித் தாறேன்."

புதிய படத்தில் நிறைந்த கறுப்பு எங்குமே இல்லை. மிளகுக் கொத்து வெறும் வளையங்களாக நின்றது. சுற்றியிருந்த வட்டம் மெல்லிய கோடாகி, அதுவும் இடையிடையே விட்டுவிட்டு ஓடியது. எந்த இடத்திலும் இரண்டு நூல் அகலத்துக்கு மேல் மை இல்லை. ஒரே இழுப்பு. தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். கண்ணை நிறுத்தவில்லை. மூன்று விநாடிக்கு வரைந்ததை அவரே அழித்துவிட்டார். சட்டத்தைக் கழுவும்போது கறுப்புத் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜுனைதா சாக்கை விரித்துப் பார்த்தார். "காய்ச்சல்ல கெடந்து எழும்புன மாதிரி இருக்கே தம்பி."

"குத்துங்க ராத்தா."

மிளகு நிரப்பிய சாக்கில் அவர் ஒரு வளையத்துக்குள் குத்தூசியை இறக்கி எடுத்து, தேய்த்தார். மூடியது. கோட்டின் மேலேயே குத்தினார். கொஞ்சம் முரண்டு பிடித்து, அதுவும் மூடியது. பதினோரு தரம் குத்தினார். பன்னிரண்டாவது தரம் குத்தூசியைக் கீழே வைத்துவிட்டார்.

"சரி. அறுபது சாக்கு அடிங்க."

லோடு போன மூன்றாம் நாள் புஹாரி கடை வாசலில் லொறியை நிறுத்தினார். வெறுஞ்சாக்குகளைக் கட்டாக இறக்கி வைத்துவிட்டு, செல்வரத்தினம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பதை வேடிக்கை பார்த்தார். கண்ணுக்கு ஓட்டை தெரியவில்லை. விரல் நுனிக்கு மட்டும் அங்கங்கே நூல் சற்று நெளிந்திருப்பது பட்டது.

"முதலாளி வாயத் தொறக்கல்ல அண்ணே. அதுதான் அவரு பாராட்டு. ஆனா ஒங்க லக்கலப் பொடியன் ஒரு சேதி சொல்லிவிட்டான்."

"என்னவாம்?"

"சாக்கு இப்ப நல்லா இருக்காம். படந்தான் பழையதுல பாதி அழகும் இல்லியாம்."

செல்வரத்தினம் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து, அந்தப் பக்க மதிலில் விரித்துப் போட்டுவிட்டு வந்தார். கடை வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெளிவட்டக் கோட்டில் மட்டும் இன்னும் ஒரு நூல் அகல மை தாங்கும் போலிருந்தது. குத்திப் பார்த்தால் தெரியும். உள்ளே போய்க் குத்தூசியைத் தேடினார்.