ஐந்தாவது தடவை

இலோய்லோ நகர மீன்துறைக்குப் பின்னால் இருக்கும் ஜிம்மில் ரெனான்டே பயிற்சியாளன். அவனிடம் மெர்லிண்டா சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. துறையில் மீன் தொட்டி தூக்குகிறவள். வயதில் மூத்தவள் என்பதால் எல்லாருக்கும் அவள் ‘மனாங்’, அக்கா முறை. அவளுக்கு அவன் ‘தோதோ’, தம்பி முறை.

குனிந்து நின்று பார்பெல் கம்பியை இழுக்க அவளைப் பழக்கியது அவன்தான்.

“இடுப்பைப் பின்னால தள்ளுங்க மனாங். முதுகு பலகை மாதிரி நிக்கணும். கம்பி தொப்புள் பக்கம் வரணும். வெடுக்குனு இழுக்கக் கூடாது.”

“இத முன்னாடியே சொல்லியிருந்தா எத்தனை தைலம் மிச்சமாகியிருக்கும்டா தோதோ!” என்பாள்.

ஒரு சனிக்கிழமை, எதிர்த் தெருவில் புதிதாகத் திறந்த ஜிம்மின் பயிற்சியாளர்கள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே ரெனான்டே கம்பியின் இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கிலோ கூட்டி மாட்டினான்.

“கனமா இருக்குடா. முதுகு வளைஞ்சிடும்.”

“நான் பக்கத்துல இருக்கேன்ல? சும்மா இழுங்க.”

வந்தவர்கள் கைகட்டி நின்றார்கள். மூன்று தடவை ஒழுங்காக இழுத்தாள். நான்காவதில் முதுகு கூன் விழுந்தது. ரெனான்டே அதைப் பார்த்தான். போதும், கீழே வையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வந்தவர்களில் ஒருவன் புருவத்தை உயர்த்தி மெச்சுவது கண்ணில் பட்டது.

“இன்னும் ஒண்ணு மனாங்!”

ஐந்தாவதில் கம்பி தடாலென்று விழுந்தது. மெர்லிண்டா இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வந்தவர்கள் மெல்ல நழுவினார்கள். சத்தம் கேட்டு முதலாளி கார்மெலோ மாடியிலிருந்து ஓடிவந்தார்.

“யாரு இவ்வளவு எடை மாட்டினது?”

ரெனான்டே வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “நான்தான் சார். தோதோ வேணாம்னுதான் சொன்னான்.”

அவன் வாயை மூடிக்கொண்டான். கார்மெலோ அவன் தோளைத் தட்டி, “சொன்னா கேக்காதவங்கள நீ என்ன பண்ணுவே,” என்றார். அந்தத் தட்டு அவனுக்கு அறைபோல விழுந்தது.

திங்களன்று சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: ‘பயிற்சியாளர் சொல் கேளாமல் எடை கூட்டாதீர்.’ வருகிறவர்களெல்லாம், “மனாங் சட்டம்!” என்று சொல்லிச் சிரித்தார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் ரெனான்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பத்தாம் நாள் துறைக்குப் போனான். அவள் தொட்டி தூக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து நெத்திலி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு மனாங் பொய் சொன்னீங்க?”

“உன் வேலை போயிடுமேன்னு பயந்துட்டேன். நீ அப்புறமா வந்து உண்மையச் சொல்லிடுவேன்னு நெனச்சேன்.” தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். “முதுகு தேறிடும்டா. இங்க எல்லாரும் அந்தத் தாளைப் பத்திக் கிண்டல் பண்றானுங்க. அதுதான் ஆறல.”

அன்று மாலை, ஜிம் நிறைந்திருந்த நேரத்தில், ரெனான்டே தாளைக் கிழித்தான். “எடை மாட்டினது நான். முதுகு வளைஞ்சதைப் பார்த்துட்டும் இன்னொண்ணு இழுக்கச் சொன்னதும் நான்,” என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. கார்மெலோ அவனை வேலையிலிருந்து நீக்கவில்லை. யாருக்கும் பயிற்சி சொல்லித்தரக் கூடாது, மூன்று மாதம் தரை துடைக்கலாம் என்றார்.

ஒரு மாதம் கழித்து மெர்லிண்டா திரும்பி வந்தாள். துடைப்பானோடு நின்றவனைப் பார்த்துத் தலையசைத்தாள். “நல்லாருக்கியா தோதோ?” என்று கேட்டாள். பிறகு ஜோசெல் என்ற பெண் பயிற்சியாளரைக் கூப்பிட்டு, வெறும் கம்பியை எடுத்துக்கொண்டாள்.

“என் முதுகையே பாத்துக்கிட்டு இரும்மா,” என்று அவளிடம் சொன்னது ரெனான்டேவுக்கும் கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.