ஐந்தாவது சம்பவம்

'இதே நாளில்' பகுதிக்குத் தினமும் ஐந்து சம்பவங்கள் வேண்டும். அன்றைக்கு நான்குதான் சிக்கின: ஒரு போர் முடிந்தது, ஓர் அரசன் முடிசூடினான், ஒரு கப்பல் கிளம்பியது, ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. ஐந்தாவது இடம் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியை எழுதுவதால் அலுவலகமே 'தேதி' என்று கூப்பிடும் பெண், கைக்கு வந்த பொய்யை அடித்துவிட்டாள்: 'ஐம்பது ஆண்டுகளுக்கு முன், நூற்பாலையில் தீ. பதினான்கு பெண்கள் பலி.' எவன் போய்ப் பார்க்கப்போகிறான்?

அது மாலைப் பத்திரிகை. காலை பத்து மணிக்கே வெளியூர்ப் பதிப்பு வேனில் போய்விடும். நகரப் பதிப்பு இரண்டு மணிக்கு.

ஒரு மணிக்கு ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"பேப்பர்ல பாத்தேன்டி. நீயாவது பெரியம்மாவ ஞாபகம் வச்சிருக்கியே."

"பெரியம்மாவுக்கு என்னம்மா?"

"என்னடி கேள்வி? அந்தத் தீயிலதான அக்கா போனா. நீ பொறக்கறதுக்கு எவ்வளவோ முன்னாடி!"

தேதிக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் தங்கியிருப்பதே பெரியம்மா வீட்டில். காலையில் சோறு கட்டிக் கொடுத்ததும் பெரியம்மாதான். பையைத் திறந்தாள். டிபன் பாக்ஸ் இல்லை. பெரியம்மாவின் செல்லுக்கு அடித்தாள். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது.

பக்கம் அமைப்பவரிடம் ஓடினாள்.

"அண்ணே, அஞ்சாவத மாத்துங்க. பதினாலு பேரும் உயிர் தப்பினாங்கன்னு போடுங்க."

"வெளியூர்ல செத்தவங்க நம்மூர்ல பொழைக்கிறாங்களா? நல்ல கூத்து!"

"கால்ல வேணா விழறேண்ணே!"

முனகிக்கொண்டே மாற்றினார்.

மூன்று மணிக்கு, நகரப் பதிப்பு கடைகளுக்குப் போன பிறகு, மறுபடி அடித்தாள். மணி அடித்தது. எடுத்தாள் பெரியம்மா!

"சாப்டியாடி? எதுக்கு அழுவுற, லூசு?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா... என்ன இரைச்சல்?"

"பஸ்ல இருக்கேன். உங்கம்மாவுக்குப் போன் போட்டு 'அக்கா பேசறேன்'னேன். அலறிட்டு வச்சுட்டா. என்னமோ ஏதோன்னு கெளம்பிட்டேன்."

அம்மா ஊரில் விற்றதெல்லாம் மாற்றாத வெளியூர்ப் பதிப்பு; அதில் பெரியம்மா செத்தவள்.

"பெரியம்மா, எறங்குங்க! அங்க போகாதீங்க, உடனே எறங்குங்க!"

"இப்பதான் நகரத்தத் தாண்டுது, நடுரோட்டுல எங்கடி எறங்கறது? அட, இந்தக் கண்டக்டரப் பாரேன். நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், இந்த சீட்டு காலின்னு இன்னொருத்தர உக்காரச் சொல்றாரு."