வெள்ளைப் பூ யாருக்கு

1

இந்தக் கதை எனக்குப் பிரியாணி சாப்பிடப் போன இடத்தில் கிடைத்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு மழை பெய்யும்போது, ரயில் கடக்கும்போது, மனசு கனத்துக் கிடக்கும்போதெல்லாம் கதை கிடைக்கிறதாம். கிடைக்கட்டும். எனக்கு இரும்புலியூரில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், வெங்காயப் பச்சடிக்கும் கத்திரிக்காய்க்கும் நடுவில் கிடைத்தது.

கூப்பிட்டவர் மண்டபத்தின் சொந்தக்காரர் மாணிக்கவேல். அவருடைய அப்பா நெல் பயிரிட்ட இடத்தில்தான் மண்டபம் நிற்கிறது. மண்டபத்தோடு ஒரு ரக்பி சங்கமும் அவர் கையில் இருக்கிறது, மாவட்டத் தலைவர். (சங்கத்தின் பெயரை மாற்றி எழுதினேன். மாற்றிய பெயர் உண்மைப் பெயரைவிட மோசமாக இருந்ததால் இரண்டையும் எடுத்துவிட்டேன்.) சங்கத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். காலை பத்து மணிக்குப் பெண்கள் ஆட்டம், ஒரு மணிக்குச் சாப்பாடு, அதற்குப் பிறகு வீராங்கனையைத் தேர்வு செய்யும் கூட்டம், எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்து எழுத வேண்டும் என்றார். நான் நேரம் தவறாதவன். சரியாக ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

அலைகளின் தாலாட்டில் வளர்ந்த பொன்னிக்கு, பந்தும் ஒரு மீனைப் போலவே கையிலிருந்து வழுக்கி—

அடித்தாயிற்று. கானாத்தூர்ப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள் என்பதற்காக ஒரு பெண்ணை அலைதான் தாலாட்ட வேண்டுமா? அவளை வளர்த்தது மேடவாக்கத்தில் மீன் விற்கும் அவள் அம்மா கங்கம்மா. அந்த அம்மாளை நான் பார்த்திருக்கிறேன். தாலாட்டுகிற ஆள் இல்லை.

இரண்டாவது தொடக்கம்:

பள்ளிக்கரணையில் பதினோராவது மாடியில் வசிக்கும் நிஷாவுக்கு வெயில் என்றால் என்னவென்றே—

இதுவும் போயிற்று. பணக்காரப் பெண், ஏழைப் பெண், இரண்டு பேருக்கும் பகை என்று அழகாகக் கோடு போட்டு வைத்திருந்தேன். பார்த்தால் இருவரும் ஒரே ஸ்கூட்டியில் வந்து இறங்குகிறார்கள். பள்ளிக்கரணையிலிருந்து குப்பத்துக்குப் போய்ப் பொன்னியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பயிற்சிக்குத் தாம்பரம் வருகிறாள் நிஷா, வாரத்தில் நான்கு நாள். என் கதைக்கு இதைவிடப் பெரிய தொல்லை வேறு யாரும் கொடுத்ததில்லை.

மூன்றாவது தொடக்கம், வேறு வழியில்லாமல், உண்மை: இந்திய அணியைப் பொறுக்கி எடுக்கும் முகாமுக்கு இந்த மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு பெயர் போகும். பொன்னியா, நிஷாவா? பொன்னியின் பெயர் மூன்று வருடமாக இரண்டாவது பெயராகப் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாவது பெயரை முகாமில் யாரும் கூப்பிடுவதில்லை. முதல் பெயருக்குக் கால் உடைந்தால் கூப்பிடுவார்கள். இதுவரை முதல் பெயராகப் போன யாருக்கும் கால் உடைந்ததில்லை.

* ரக்பி தெரியாதவர்களுக்கு (தலைவர் உட்பட): முட்டை வடிவப் பந்து. கையில் எடுத்துக்கொண்டு முன்னால் ஓடலாம். கூட்டாளிக்கு எறிவதென்றால் பின்பக்கம்தான் எறிய வேண்டும். பந்து வைத்திருப்பவளின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாம். அதற்கு டேக்கிள் என்று பெயர். இவர்கள் ஆடுவது அணிக்கு ஏழு பேர் ஆடுகிற வகை. ஆட்டம் மொத்தமே பதினான்கு நிமிடம். இந்தப் பதினான்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

தேர்வுக் குழுவில் மூன்று பேர். மூன்றாமவர் உறுப்பினரான நாளிலிருந்து வந்ததில்லை. வருகிற இருவர் மாணிக்கவேலும் ஜெஃப்ரியும். ஜெஃப்ரி ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் ஆடினாராம். அதற்குச் சாட்சி அவருடைய முழங்கால் ஒன்றுதான்.

வாதம் பிரமாதம். மாணிக்கவேல் பொன்னிக்காகப் பேசினார். மீனவர் வீட்டுப் பெண், படகோடு நிற்க வைத்துப் படம் எடுத்தால் எல்லாப் பத்திரிகையும் போடும், பக்கத்தில் தலைவர் நின்றால் தப்பில்லை. ஜெஃப்ரி நிஷாவுக்காகப் பேசினார். முகாமில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசுவார்கள், நிஷா சமாளிப்பாள், பொன்னி வாயைத் திறந்தால் மாவட்டத்தின் மானம் போய்விடும். ரக்பியில் வாயைத் திறந்தால் பல்தான் போகும் என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை, இரண்டாவது தட்டு வந்துகொண்டிருந்தது.

பிறகு உயரம் பற்றிப் பேசினார்கள். குடும்பம் பற்றிப் பேசினார்கள். யாருக்கு முதலில் கல்யாணம் ஆகும் என்பது பற்றிக்கூடப் பேசினார்கள். ஆட்டத்தைப் பற்றி மாணிக்கவேல் ஒரே ஒரு கருத்துச் சொன்னார்: இரண்டு பெண்களுமே பந்தைப் பின்பக்கமாகவே எறிகிறார்களாம், கொஞ்சம் துணிச்சல் வேண்டுமாம். பத்து வருடத் தலைவர். ஜெஃப்ரி தட்டைப் பார்த்துக்கொண்டார்.

அன்று காலை ஆட்டத்தை இரண்டு பேருமே பார்க்கவில்லை என்பது நடுவில் தெரிந்தது. மாணிக்கவேல் பிரியாணி அண்டா பக்கத்தில் இருந்தார். ஜெஃப்ரி மைதானத்தில்தான் இருந்தார், ஆனால் வராத மூன்றாமவரோடு போனில் பேசிக்கொண்டு, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சிக்னல் அந்தப் பக்கம்தான் கிடைக்கிறதாம். பதினான்கு நிமிட ஆட்டத்தைப் பார்க்காத இருவர் அதைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இப்படிப்பட்டவர்கள் கிடைத்தால் எழுத்தாளனுக்கு வேலையே இல்லை, அப்படியே எடுத்து வைத்தால் போதும்.

4

(மாணிக்கவேலை ரொம்பத்தான் கோமாளியாக்கிவிட்டேனோ என்று இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்தது. அந்தப் பெண்கள் எல்லோருக்கும் வருடா வருடம் ஷூ வாங்கித் தருவது அவர்தான். இந்தத் தகவல் என் நக்கலுக்கு இடைஞ்சலாக இருப்பதால் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.)

5

வாதம் முடியவில்லை, ஆளுக்கு ஒரு ஓட்டு. அப்போது மாணிக்கவேல் சொன்னார், பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று.

ஆமாம். இந்திய அணிக்குப் போகும் பெயரைப் பூக்கட்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். மண்டபத்தை ஒட்டி அவர்கள் குடும்பத்து அம்மன் கோயில் இருக்கிறது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையிலிருந்து பெண் பார்ப்பது வரை அவர்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, இரண்டு பூவையும் தனித்தனி இலையில் மடித்துக் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். பூசாரி எந்தப் பூ யாருக்கு என்று முதலில் சத்தமாகச் சொல்லிவிடுவார். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். அதோடு முடிந்தது. ஜெஃப்ரி மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். தமக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் இதில் பாரபட்சம் இல்லை என்று அவரும் எழுந்துவிட்டார்.

ஆனால் மட்டன் பிரியாணி தின்ற வாயோடு எப்படிக் கோயிலுக்குள் போவது? அதனால் பூசாரி உள்ளே இருக்க, நாங்கள் வாசலுக்கு வெளியே, பூக்கடைப் பலகையிலேயே காரியத்தை வைத்துக்கொண்டோம். பூக்கார பச்சையம்மா இரண்டு அரளியை வாழையிலையில் கட்டிக் குலுக்கிப் போட்டாள். கீழே நடந்த நிச்சயதார்த்தத்திலிருந்து ஒரு பட்டுப்பாவாடைக் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்தது. பிரித்தார்கள். வெள்ளை.

மாணிக்கவேலும் ஜெஃப்ரியும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள்.

"பாத்தீங்களா, பொன்னிதான். அம்மா சொல்லிட்டா."

"என்ன பிரசிடெண்ட் சார், ஒயிட் நிஷாவுக்குத்தானே?"

எந்தப் பூ யாருக்கு என்று யாருமே சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய பூசாரி உள்ளே தீபாராதனையில் இருந்தார். அவரவர் மனசுக்குள் அவரவர் பெண்ணுக்கு வெள்ளையை எடுத்துக்கொண்டார்கள். பச்சையம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுபடி கட்டலாமே என்றேன். ஒரு தடவை வாக்குக் கொடுத்த அம்மனிடம் இன்னொரு தடவை கேட்கக் கூடாதாம். பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"எழுத்தாளர் சார், நீங்கதானே பக்கத்துலயே நின்னீங்க. வெள்ளை யாருக்குன்னு வெச்சோம்?"

யாருக்கும் வைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இத்தனை வருடம் எழுதுகிறேன், நான் சொன்னதைக் கேட்டு ஊரில் ஒரு தெருவிளக்குகூட எரிந்ததில்லை. முதல் முறையாக நான் சொல்கிற ஒரு சொல்லில் ஒருத்தி இந்திய அணிக்குப் போகலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். திங்கட்கிழமை பெயர் அனுப்ப வேண்டும், அதற்குள் சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார் மாணிக்கவேல்.

6

முடிவு பண்ணிவிட்டேன்: பொன்னிக்குத்தான். பெருந்தன்மையோடு வீட்டில் உட்கார்ந்து இந்தக் கதையின் ஐந்தாம் பகுதி வரை எழுதி முடித்தபோது, வாசலில் அந்த ஸ்கூட்டி வந்து நின்றது. பச்சையம்மா மூலம் விஷயம் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, இவர்களுக்குத் தெரியாதா?

பொன்னி கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அழுதால் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நல்ல வாக்கியங்கள்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மேசை மேலிருந்த தாளை எடுத்து, அடித்துப் போட்ட வரியைப் படித்தாள்.

"யாரு சார் இது, அலைலாம் தாலாட்டுது?"

கதைப் பொன்னி என்றேன். அவள் மீதிப் பக்கங்களையும் புரட்டினாள். நிதானமாகப் படித்தாள். நிஷா ஜன்னல் பக்கம் நின்று ஸ்கூட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கத்தை வைத்துவிட்டுப் பொன்னி கேட்டாள்:

"எல்லாம் கீது. எங்கம்மா கீது, மீனு கீது, பிரியாணி கீது. இதுல நான் எங்க சார் ஆடறேன்?"

நான் தாள்களை எடுத்து அடுக்கி வைத்தேன்.

"காத்தால நாங்க ஆடுனத நீ பாத்தியா?"

ஒரு மணிக்குத்தான் வந்தேன் என்றேன்.

"அப்ப நீயும் பிரியாணிக்குத்தான் வந்துகிற."

அவள் குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். வெள்ளை உனக்குத்தான் என்று சொல்லப் போகிறேன் என்றேன், அவளை மடக்குவதற்காக. அவள் தலையை ஆட்டினாள்.

"வாணாம் சார். மூணு வர்சமா ரெண்டாவது பேரா கீறேன், எனக்கு ஆச இல்லியா? ராத்திரி படுத்தா அந்த கேம்ப்புதான் கண்ணுல கீது. ஆனா அங்க போயி ஒரு பந்து உட்டேன்னு வெச்சுக்கோ, பூவுல வந்த பொண்ணுதானம்பாங்க. அந்தப் பேர எத்தினி டேக்கிள் போட்டு அழிக்கறது?"

நிஷா முதல் முறையாகத் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலை சேலையூரில் ஒரு ஆட்டம் இருக்கிறது, வேண்டுமென்றே இருவரும் எதிரெதிர் அணியில் நிற்கப் போகிறோம், தலைவர், ஜெஃப்ரி, நீங்கள் மூன்று பேரும் வந்து முழுசாகப் பார்த்துவிட்டு யாரென்று சொல்லுங்கள் என்றாள்.

"நான் போனாலும் அப்படித்தான் சார் போகணும். ஃபோர்ட்டீன் மினிட்ஸ்தான்."

வருகிறீர்களா இல்லையா என்று பேசிச் சொல்லுங்கள், கீழே டீக்கடையில் இருக்கிறோம் என்று இறங்கிப் போய்விட்டார்கள்.

7

முடிவுகள்:

(அ) வெள்ளை பொன்னிக்கு. கங்கம்மா மீன் கூடையை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைக்கிறாள். பத்திரிகை ஆசிரியர்களுக்கு இது பிடிக்கும். பொன்னிக்குப் பிடிக்காது.

(ஆ) வெள்ளை நிஷாவுக்கு. யதார்த்தம் சுடுகிறது என்று நாலு பேர் கடிதம் எழுதுவார்கள். நிஷா ஸ்கூட்டியில் தனியாகப் போகிறாள், பின்சீட் காலியாக— (வேண்டாம்.)

(இ) மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை போய் ஆட்டத்தைப் பார்க்கிறோம். இதற்காக மாணிக்கவேலுக்குப் போன் போட்டேன். ஞாயிறு முகூர்த்த நாளாம், மண்டபத்தில் இரண்டு கல்யாணமாம், தலையைச் சொறிய நேரமில்லையாம். ஜெஃப்ரியைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். ஜெஃப்ரியை எனக்குத் தெரியும். நாற்காலி இருக்குமா, சிக்னல் இருக்குமா என்று கேட்பார். என் விஷயம் கேட்டால், அந்த இரண்டு கல்யாணத்தில் ஒன்றுக்கு எனக்கும் பத்திரிகை வந்திருக்கிறது.

சிரிக்காதீர்கள். நீங்கள் மட்டும் என்ன? இரண்டாம் பகுதியிலேயே நீங்கள் பொன்னியைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். மீன் விற்கும் அம்மா, மூன்று வருடம் இரண்டாவது பெயர். அதுவே உங்களுக்குப் போதும். அவள் வேகமாக ஓடுவாளா? பந்து கையில் நிற்குமா? நிஷாவை எதிரில் விட்டால் தள்ளுவாளா, தள்ளப்படுவாளா? நான் எழுதவில்லை. நீங்களும் ஏன் எழுதவில்லை என்று கேட்கவில்லை. நிஷாவைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஸ்கூட்டி. இந்த வரி வரைக்கும் நீங்கள் வந்து சேர்ந்த நேரத்துக்குள் ஒரு முழு ஆட்டம் முடிந்திருக்கும்.

போன் அடிக்கிறது. மாணிக்கவேல்தான். எனக்கு இந்த முடிவு வேண்டாம், எடுத்து உங்கள் கையில் தருகிறேன். வெள்ளை யாருக்கு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் அவர் அப்படியே எழுதிக்கொள்வார், உங்களை ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். கேட்கப் போகிறவள் கீழே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறாள்.