கம்பு எட்டாத ஓடை

கஜானிக்கு நீந்தத் தெரியாது. கொக்குவிலில் சுற்றுமதிலுக்குள் வளர்ந்த பிள்ளை. கிணற்றடியில் வாளியால் அள்ளி வார்த்ததைத் தவிர தண்ணீரோடு அவளுக்கு வேறு பழக்கம் கிடையாது. அப்படிப்பட்டவள் முப்பத்தொரு வயதில், குருநகர்க் கரையில், புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வள்ளத்தின் பின்பக்கத்தில் எழுந்து நின்றாள் என்றால் அதற்கு ஒரே காரணம்தான். ஐந்து மாதமாக எதையும் வேண்டுமென்று கேட்காத புருஷன் எமில்ராஜ் வாய் திறந்து ஒன்று கேட்டிருந்தான்.

எமில்ராஜ் கடலுக்கு அடியில் போய்க் கடலட்டை பிடித்தவன். நாலு வருடத்துக்கு முன் ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்தான். காற்றுக் குமிழ் முள்ளந்தண்டுக்குள் போய்விட்டது என்றார்கள் டாக்குத்தர்மார். இடுப்புக்குக் கீழே எல்லாம் அன்றோடு சரி. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்து வந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கஜானி ஆயிரம் தரம் மனதுக்குள் அவனைத் திட்டியிருப்பாள். வேதக்காரனை, அதுவும் கடற்கரைக்காரனைக் கட்டியதற்காக அவள் வீட்டார் அவளைத் தலைமுழுகி எட்டு வருடம். போக அவளுக்கு வேறு இடமும் இல்லை, போகிற எண்ணமும் இல்லை.

அவனுக்கு வாழ விருப்பமில்லை. அதை அவன் ஒளிக்கவும் இல்லை. "எனக்குக் காணும் கஜானி" என்று சோறு போதும் என்று சொல்கிற மாதிரியே சொல்லுவான். கிளினிக்கில் இருந்த தாதி மிஸ்ஸி, "ஆளைத் தனிய விடாதேங்கோ, ஏதாவதொண்டிலை ஆசை வரப்பண்ணுங்கோ" என்றாள். ஆசை என்ன, பெரியகடையில் வாங்கிவருகிற சாமானா?

அப்போதுதான் அவன் கேட்டான்.

"யாகப்பு அண்ணையின்ரை சின்ன வள்ளம் சும்மாதானே கிடக்கு. நீ கம்பு ஊண்டப் பழகு. என்னை ஏத்திக்கொண்டு போ."

கஜானி அந்தக் காலையிலேயே பக்கத்து வீட்டு யாகப்புவின் படலையைத் தட்டினாள். அந்த மனுஷன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கொக்குவில் பிள்ளை கம்பெடுத்தால் நாங்களெல்லாம் அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்கவேணும்" என்றார். சொல்லிவிட்டு அவரே எமில்ராஜைத் தூக்கிவந்து வள்ளத்தில் இருத்திவிட்டார்.

எமில்ராஜ் முன்பக்கத்தில் அவளைப் பார்த்தபடி, போகும் திசைக்கு முதுகு காட்டி இருந்தான். பார்த்தால்தானே பிழை பிடிக்கலாம்.

"கம்பைப் பின்னுக்குக் குத்து. குத்திப்போட்டுத் தள்ளு. தண்ணியைத் தள்ளாதை, நிலத்தைத் தள்ளு."

அவள் குத்தினாள். கம்பு சேற்றில் இறங்கி அப்படியே நின்றது. வள்ளம் முன்னால் போனது. கஜானி கம்பைக் கட்டிப்பிடித்தபடி ஒரு நொடி அந்தரத்தில் தொங்கினாள். பிறகு முழங்காலளவு தண்ணீரில் தொப்பென்று விழுந்தாள். அவள் எழும்பி வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பும்போது எமில்ராஜ் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"விசரி, கம்பு சிக்கினால் கம்பை விடவேணும். வள்ளத்திலை நில். கம்பை யாரும் கொண்டுபோகமாட்டினம்."

அந்தச் சிரிப்புக்காக அவள் இன்னும் பத்துத் தரம் விழத் தயாராக இருந்தாள். உண்மையில் இரண்டு தரம் வேண்டுமென்றே விழுந்தாள், அவன் கண்டுபிடித்துவிட்டான்.

இரண்டு மாதத்தில் பழகிவிட்டாள். சேற்றிலிருந்து கம்பைத் திருகி எடுக்கவும், வள்ளம் வலப்பக்கம் திரும்ப எந்தப் பக்கம் குத்தவேண்டும் என்பதும் கைக்கு வந்துவிட்டது. காலையில் வெயில் ஏறமுதல் கடலேரி கண்ணாடி மாதிரிக் கிடக்கும். கம்பு இறங்குகிற சத்தம், சொட்டுகிற சத்தம், வேறொன்றும் இல்லை. சின்னத் திரளி மீன்கள் துள்ளும். அவன் தண்ணீருக்குள் கை விட்டு அளைந்துகொண்டே, தான் அடியில் கண்டதையெல்லாம் கதைப்பான். அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்வதானால், கலியாணம் கட்டிய புதிதில்கூட அவள் இவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை.

ஒன்றை மட்டும் அவன் திரும்பத் திரும்பப் பழக்கினான். திரும்பி வருவது. "கோயில் கோபுரத்தைப் பார்த்து நேர வா." தான் கரையில் இருந்துகொண்டு அவளைத் தனியே அனுப்பினான். அவள் மீன்வாடிக்கு அப்பால் போய்த் திரும்பி, கோபுரம் பார்த்துப் பிசகாமல் வந்து சேர்ந்தபோது கைதட்டினான். "இனிப் பயமில்லை, நீ விண்ணி, கெட்டிக்காரி" என்றான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று யாகப்பு வீட்டுக்கும் சேர்த்து இறால் பொரித்தாள்.

அடுத்த கிழமை ஒரு வியாழக்கிழமை. அன்று எமில்ராஜ் அவளைப் பார்த்து இருக்கவில்லை. முன்பக்கம் பார்த்துத் திரும்பி இருந்தான். கழுத்துச் சங்கிலியும் இல்லை. கேட்டதற்கு, வீட்டு அந்தோனியார் படத்துக்கு முன்னால் கழற்றி வைத்ததாகச் சொன்னான்.

"இண்டைக்கு ஓடைக்குக் கிட்டப் போவம். வடிவாயிருக்கும்."

ஓடை என்பது கடலேரிக்கு நடுவே பெரிய போட்டுகள் ஓடும் ஆழமான பாதை. தண்ணீரின் நிறமே அங்கே மாறும். அவள் கம்பைக் குத்தினாள், நிலம் இருந்தது. இன்னொரு தரம் குத்தினாள், கை தண்ணீரைத் தொடும்வரை போனது. மூன்றாம் தரம் நிலம் இல்லை. வள்ளம் தன்பாட்டில் நகர்ந்தது.

"நிலம் எட்டேல்லை எமில்."

"தெரியும்." அவன் திரும்பவில்லை. "பயப்பிடாதை. வள்ளம் அந்தப் பக்கக் கரைத்திட்டிலை போய் முட்டும், அங்கை கம்பு எட்டும். பிறகு கோபுரத்தைப் பார்த்து வா. நீ தனிய வருவாய். வந்து காட்டினனிதானே."

அவன் இரண்டு கையாலும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தான். அந்தக் கைகளில் இன்னும் பலம் இருந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த இரண்டு மாதமும் அவன் அவளுக்குப் பழக்கியது தன்னைக் கூட்டிப்போக அல்ல. தான் இல்லாமல் அவள் வீடு வந்து சேர. அவனைப் பிடிக்க எட்டடி எடுத்துவைத்தால் வள்ளம் கவிழும்.

கஜானி கம்பைத் தூக்கி எறிந்தாள். பலம் கொண்டமட்டும், தூரத்துக்கு. அது ஒருதரம் முங்கி மிதந்து, நீரோட்டத்தோடு போனது.

சத்தம் கேட்டு எமில்ராஜ் திரும்பினான்.

"என்னடி செய்தனி?"

"எனக்கு நீந்தத் தெரியாது" என்றாள் கஜானி. "கம்பும் இல்லை. இப்ப போங்கோ பார்ப்பம்."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வாயில் வந்த தூசணமெல்லாம் சொன்னான். அவளை, யாகப்புவை, கடவுளை, தன் காலை. சொல்லிக்கொண்டே குனிந்து கையால் தண்ணீரை வலித்தான். "சும்மா நிக்காதை. அந்தப் பக்கம் இருந்து நீயும் கையால வலி. விரலைச் சேர்த்துப் பிடி." அவன் ஒரு பக்கமும் அவள் மறு பக்கமுமாக, குளத்தில் விளையாடுகிற பிள்ளைகள் மாதிரி கையால் அளைந்து அளைந்து வந்தார்கள். குருநகர்ப் பக்கத்து மேடு வந்து சேர வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கே தண்ணீர் இடுப்பளவு. அவள் இறங்கி வள்ளத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

பாதித் தூரத்தில் கேட்டாள். "அப்ப சிரிச்சதெல்லாம் பொய்யோ?"

"இல்லை." அவன் களைத்துப்போயிருந்தான். "மெய்யாத்தான் சிரிச்சனான். அது வேறை, இது வேறை."

பொய் என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை பிடிக்க ஏதாவது இருந்திருக்கும்.

அன்று பின்னேரம் அவள் மிஸ்ஸிக்கு எடுத்துச் சொன்னாள். கிளினிக்கில் மருந்தை மாற்றினார்கள். அவன் மறுபேச்சில்லாமல் குடித்தான், சுவரைப் பார்த்துக் கிடந்தான். பத்து நாள் கழித்து யாகப்பு புதுக் கம்பு ஒன்று சீவிக் கொண்டுவந்து தந்தார். கஜானி அதைப் பார்த்தாள். கத்தி எடுத்து, தன் இடுப்பளவுக்கு மேலே ஒரு சாண் விட்டு, மிச்சத்தை வெட்டி எறிந்தாள். பிறகு அதை எமில்ராஜின் கட்டிலடிக்குக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இது முழங்காலளவு தண்ணிக்குத்தான் காணும். கரையோடை சும்மா போயிட்டு வருவம். நீங்கள் என்னைப் பார்த்து இருங்கோ. நான் விழுறன், நீங்கள் சிரியுங்கோ."

அவன் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டான். கோபமே இல்லை, அவ்வளவு பட்சமாகத்தான் சொன்னான்.

"கஜானி, போறதுக்கு எனக்கு முழங்காலளவே காணும்."

அவள் கட்டில் விளிம்பில் அவன் காலடியில் இருந்தாள். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தாள், அது அவனுக்குத் தெரியாது. வெளியே யாகப்பு, "என்ன பிள்ளை, வள்ளத்தைத் தள்ளவோ?" என்று கேட்டார். "வேண்டாம் அண்ணை" என்றாள்.