இருபத்திரண்டாம் எண் வேண்டுதல்

மேலத்துறையில் ஓர் இடம் கைமாறினால், அங்கே நிலுவையில் இருக்கும் வேண்டுதல்களும் சேர்ந்தே கைமாறும். புதிதாக வருகிறவர்தான் அவற்றைத் தீர்த்துக்கொடுக்க வேண்டும். கடைத்தெரு முனையில் இருந்த சிற்றாலயத்தை மூடியபோது பெட்டியில் முப்பத்தாறு வேண்டுதல் சீட்டுகள் மிச்சமிருந்தன. அடுத்து வந்த உரக்கிடங்கு அவற்றை எலி கடிக்காமல் பார்த்துக்கொண்டதோடு சரி. அதற்கடுத்த சினிமாக் கொட்டகை இடைவேளையில் சீட்டுகளைத் திரையில் காட்டியது. ஜனங்கள் விசிலடித்தார்கள், காரியம் ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது அங்கே கேசினோ வந்திருக்கிறது. கேசினோக்காரர்கள் வேலையில் கெட்டி. எல்லாச் சீட்டுக்கும் எண் போட்டு, தினமும் மாலை நாலு மணிக்குச் சக்கரத்தைச் சுற்றி அதில் குண்டை உருட்டிவிட்டார்கள். குண்டு எந்த எண்ணில் நிற்கிறதோ அந்த வேண்டுதல் அன்றே நிறைவேறும். ஆலயம் இருந்த காலத்தில் எட்டிப் பார்க்காதவர்கள்கூட மூன்றரைக்கே வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஆண்கள் இடப்பக்கமும் பெண்கள் வலப்பக்கமுமாக நின்றார்கள். யாருடைய வேண்டுதல் பலிக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். அடுத்த வீட்டுக்காரனின் கஷ்டத்துக்காக மேலத்துறை இப்படி உருகி நின்றது அதுதான் முதல் தடவை.

சலேத்மேரிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டாம் சீட்டு அவளுடையது. பத்தொன்பது வயதில், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் எழுதிப் போட்டது. 'ஐஸ் கம்பெனி சந்தியாகுவை எனக்குக் கட்டிவைக்க வேண்டாம் மாதாவே.' மாதா பதில் சொல்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் ஓடிவிட்டது. ஐஸ் கம்பெனியிலிருந்து திரும்பினால் கையை வெந்நீரில் முக்கிச் சூடாக்கிய பிறகே அவள் தோளைத் தொடுகிற மனுஷன் அவர். அவர் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சீட்டைத் திருப்பி வாங்கிவிடலாம் என்று மேனேஜர் தனகோடியைப் போய்ப் பார்த்தாள். அவர் நாற்காலி போட்டு, மோர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு விதியை எடுத்துச் சொன்னார். ஆலயத்தில் கொடுத்ததை ஆலயத்தில்தான் திருப்பி வாங்க முடியும். இது கேசினோ. இங்கே நிறைவேற்ற மட்டும்தான் அதிகாரம் உண்டு.

வேறு வழியில்லாமல் அவள் சந்தியாகுவிடம் சொன்னாள். அவர் சாப்பாட்டில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

"அப்ப என்னையப் பிடிக்கலயா?"

"அப்பப் பிடிக்கலங்க."

அவர் ரசம் கேட்டார். அதன் பிறகு தினமும் மூன்றரைக்கு அவளோடு கிளம்பி வந்து ஆண்கள் பக்கம் நின்றார். குண்டு உருளும்போதெல்லாம் இருவரும் கூட்டத்துக்கு மேலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, குண்டு இருபத்திரண்டில் நின்றது. பந்தயத்தில் ஜெயித்த மளிகைக்கடைக்காரர் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். சலேத்மேரிக்கும் ஒன்று கிடைத்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். தனகோடி சங்கடப்பட்டபடியே உத்தரவை வாசித்தார். மேற்படி கல்யாணம் நடக்கவில்லை. தாலியைக் கழற்றி கவுண்டரில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். மகள் பவுலினைப் பக்கத்து வீட்டு கஸ்பார் தம்பதிக்குத் தற்காலிகமாக ஒதுக்கியிருக்கிறார்கள். கஸ்பார் வீட்டில் அன்றைக்கே அவளுக்கும் சேர்த்து உலை வைத்தார்கள். சந்தியாகு, கல்யாணமாகாத பெண்ணோடு தெருவில் சேர்ந்து நடப்பது முறையில்லை என்று பத்தடி பின்தங்கியே வந்து, முக்கில் திரும்பி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். சலேத்மேரி அன்றிரவு அவருடைய தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பெண் பார்க்க வந்தார். அண்ணனும் அண்ணியும் தாம்பாளத்தில் பழமும் பூவும் கொண்டுவந்தார்கள். அக்கம்பக்கத்தவர்கள் என்ற முறையில் கஸ்பார் தம்பதி, பவுலினையும் அழைத்துக்கொண்டு வந்தார்கள். சலேத்மேரி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். சந்தியாகு புதுச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். போன தடவை அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவர்கள் பேசி முடித்துவிட்டுத் தேதியைத்தான் சொன்னார்கள். இப்போது அவரே எழுந்து நின்று, முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டார்.

"ஒங்களுக்கு என்னையப் பிடிச்சிருக்கா?"

அவள் அவரை நன்றாகப் பார்த்தாள். காது மடலில் நரைமுடி, முழங்கை வரை ஐஸ் வெடிப்பு. எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஒருவர் கேட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும்போது பார்ப்பது வேறாக இருந்தது.

"பிடிச்சிருக்கு," என்றாள்.

அண்ணன் உடனே அடுத்த மாதம் தையிலேயே தேதி குறிக்கலாம் என்றார். அப்போதுதான் பவுலின், அந்நியக் குடும்பத்து விஷயத்தில் தலையிடுவதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இரண்டு வருடம் பொறுத்துச் செய்ய முடியுமா என்று கேட்டாள். சர்க்கார் பரீட்சைக்கு அவளுக்குப் போன மாதம்தான் வயது தாண்டியிருந்தது. கல்யாணம் தள்ளிப்போய்த் தானும் கொஞ்சம் பிந்திப் பிறந்தால் நிதானமாகப் படித்து எழுதலாம். நியாயமாகத்தான் இருந்தது. தையில் வேண்டாம், அதற்கடுத்த தைக்கும் அடுத்த தையில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.